அரை மூச்சு பின்னால்

இருபத்தாறு வருஷமாக அடுத்தவர்கள் சொன்னதைச் சொல்லியே சாப்பிட்டு வருகிறவன் நான். போலந்தில் டிவியில் வெளிநாட்டுப் படம் ஓடினால் நடிகர்கள் பாட்டுக்கு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்கள் குரலை அடியில் தணித்துவிட்டு, மேலே ஒரே ஒரு ஆள் எல்லாருடைய வசனத்தையும் போலிஷில் படிப்பான். கதாநாயகி, வில்லன், கைக்குழந்தை, சாகக் கிடக்கிற கிழவன், எல்லாருக்கும் அதே குரல்தான். அந்த ஆளை லெக்டர் என்பார்கள். செவெரின் என்ற என் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் வார்சாவில் எந்த ரொட்டிக் கடையிலும் நின்று "ரெண்டு பன் கொடுங்க" என்று வாயைத் திறந்தேனானால் வரிசை முழுக்கத் திரும்பிப் பார்க்கும்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு சட்டம் உண்டு. நடிக்கக் கூடாது. காதலானாலும் கொலையானாலும் வானிலை அறிக்கை மாதிரி சொல்ல வேண்டும். நடிகன் ஆரம்பித்து அரை மூச்சு கழித்து நாம் ஆரம்பிக்க வேண்டும். அவன் முடிக்கிறபோது நாமும் முடித்திருக்க வேண்டும். அவன் "நான்" என்றால் நாமும் "நான்" என்றுதான் சொல்வோம், "அவன் சொல்கிறான்" என்று இழுக்க மாட்டோம். அழுவது அவன் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் இதைக் கேட்டால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். குரல் நடுங்கிவிட்டால் அவன் லெக்டர் இல்லை.

இத்தனைக்கும் எனக்கு இங்கிலீஷ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் எழுதிக் கொடுத்த தாள் கையில் இருக்கும், அதைப் படிப்பேன். காதில் மாட்டிய கருவியில் கேட்கிற இங்கிலீஷ், எப்போது ஆரம்பிக்க, எப்போது நிறுத்த என்பதற்கு மட்டும்தான். சுட்டுப் போட்டாலும் எனக்கு அது வராது என்று பெருமையாகவே சொல்லித் திரிந்தேன்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகள் கலினா லீட்ஸிலிருந்து கூப்பிட்டாள். அவள் இங்கிலாந்துக்குப் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. பண்டிகைக்குப் பண்டிகை பேசுவாள். அன்று பண்டிகை எதுவும் இல்லை.

"அப்பா, ஆகஸ்ட்ல எனக்கும் காரெத்துக்கும் கல்யாணம். தோரூன்ல, மாமா ஊர்லதான். அவங்க பக்கத்துலேர்ந்து நாப்பது பேர் வர்றாங்க."

"வரட்டும், சந்தோஷம்."

"அவங்க வழக்கப்படி பொண்ணோட அப்பா எழுந்து பேசணும். ஒரு அஞ்சு நிமிஷம். ஆனா இங்கிலீஷ்ல பேசணும்."

நான் பதில் சொல்வதற்குள் அவளே அவசரமாகச் சொன்னாள். "முடியலன்னா பரவால்லப்பா. லெஷெக் மாமா தானே பேசறேன்னுட்டார்."

லெஷெக் என் மனைவியின் தம்பி. இங்கிலாந்தில் இரண்டு வருஷம் லாரி ஓட்டியவன். அந்த இரண்டு வருஷத்தை இருபது வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். இந்த நாட்டுக்கே குரலாக இருக்கிறவனின் மகள் கல்யாணத்தில் லெஷெக் பேசுவதா? எனக்குச் சுரீர் என்றது.

"நானே பேசறேன்" என்றேன்.

"நிஜமாவா? சரி. ஆனா படத்துக்குப் படிக்கிற மாதிரி படிச்சுடாதப்பா."

ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று எனக்குத் தெரியும். அவள் அம்மா எமிலியா இறந்தபோது அவளுக்குப் பதினைந்து வயது. கல்லறையில் நான்தான் நாலு வார்த்தை பேசினேன். எழுதி வைத்துப் பேசினேன், குரல் நடுங்கவில்லை. வந்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்து, எவ்வளவு நிதானம் என்று மெச்சினார்கள். மறுநாள் காலை ஸ்டூடியோவுக்குப் போய் ஒரு நகைச்சுவைப் படத்தைப் படித்து முடித்தேன். திரும்பி வந்தபோது கலினா சமையலறையில் நின்று, "உனக்கு எதுவுமே ஆகலையாப்பா?" என்று கேட்டாள். நான் அடுப்பில் சூப்பை வைத்தேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை என்று எதுவும் வந்ததில்லை. அவள் கேட்பதையும் விட்டுவிட்டாள். ஆகஸ்டில் நான் பேசும்போது அவள் ஒரே ஒரு தடவை நிமிர்ந்து என்னைப் பார்த்துவிட்டால் போதும் என்று நினைத்துக்கொண்டேன். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

மறுநாளே மொழி வகுப்புக்குப் போய் நின்றேன். ஆசிரியை மிலேனாவுக்கு முப்பது வயதிருக்கும். முதலில் ஒரு பரீட்சை வைத்தாள். ஒலிப்பதிவைப் போட்டுக் கேள்விக்குப் பதில் குறிக்கச் சொன்னாள். எளிதானது, நடுத்தரம், கடினம், அதற்கும் மேலே என்று போட்டுக்கொண்டே போனாள். முடித்துவிட்டுத் தாளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"சார், எங்க படிச்சீங்க?"

"எங்கயும் படிக்கலைங்க."

"விளையாடாதீங்க. கடைசிப் பகுதியில ரெண்டு வக்கீலுங்க சுத்தி வளைச்சு, பழமொழியா அடுக்கி ஒருத்தர ஒருத்தர் குத்திப் பேசிக்கறாங்க. அதுல ஒரு கேள்வியக் கூட விடலையே நீங்க."

அதன் பிறகு, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. பால், முட்டை, எதுவுமே வரவில்லை. ஊமை கண்ட கனவு மாதிரி எல்லாம் உள்ளே இருக்கிறது, வெளியே வர வழி இல்லை. மிலேனா முதலில் சிரித்தாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

"சார், இருபத்தாறு வருஷமா காதுல இங்கிலீஷும் வாயில போலிஷுமா இருந்திருக்கீங்க. எதுவும் வீணாப் போகல. அப்படியே உள்ள உக்காந்திருக்கு."

வீட்டுக்கு வந்ததும் என்றைக்கோ நான் படித்த ஒரு படத்தைத் தேடி எடுத்தேன், என் குரல் இல்லாத பிரதியாக. ஒரு பெண் ரயிலடியில் கணவனிடம் பேசுகிற காட்சி. என் தாளில் அதற்கு "போகாதே. யோசித்துப் பார்" என்று இரண்டே வரி இருந்தது. இப்போது கேட்டால் அவள் ஒரு நிமிஷம் பேசுகிறாள். கெஞ்சுகிறாள், நடுவில் கேலி செய்கிறாள், கேலி செய்ததற்கு வெட்கப்பட்டு மறுபடி கெஞ்சுகிறாள். இத்தனையும் என் காதுக்குள்தான் நடந்திருக்கிறது. நான் அதன் மேல் உட்கார்ந்து "போகாதே. யோசித்துப் பார்" என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கிறேன். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அந்தக் காட்சியை ஏழு தடவை பார்த்தேன்.

அதிலிருந்து பித்துப் பிடித்தது. வசந்தம் முழுக்க வேறு நினைப்பே இல்லை. பச்சை அட்டை போட்ட நோட்டில் எழுத ஆரம்பித்தேன். பயந்தால் இங்கிலீஷ்காரனுக்கு இதயம் வாய்க்கு வந்துவிடுகிறதாம்; எங்களுக்கு ஆன்மா தோளில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். சுலபமான வேலையை அவன் ஒரு துண்டு கேக் என்கிறான், நாங்கள் வெண்ணெய் தடவிய பன் என்கிறோம். கேளாத காதில் ஓதுவதை அவன் செங்கல் சுவரோடு பேசுவது என்கிறான், நாங்கள் சுவரில் பட்டாணி எறிவது என்கிறோம். சுவர் இரண்டு பேருக்கும் பொது, பட்டாணி மட்டும் எங்களுடையது. ஒருவரை ஒருவர் பார்த்தே இராத இரண்டு கூட்டம், ஆயிரம் வருஷமாக அதே பயத்துக்கும் அதே அலுப்புக்கும் தனித்தனியே வார்த்தை தேடியிருக்கிறது. டிராமில் உட்கார்ந்து இதை யோசித்தால் இறங்க வேண்டிய இடம் தாண்டிப் போய்விடும். இதை யார் செய்தார்கள்? பெயர் தெரியாத ஒருவன் முதன்முதலாகச் சொல்லியிருக்கிறான், பக்கத்தில் நின்றவன் ஆமாம் அப்படித்தான் என்று தலையாட்டியிருக்கிறான். கோயிலுக்குள் நுழைந்தால் தொப்பியைக் கழற்றுவதோடு சரி, மற்றபடி பக்தி என்று எனக்குப் பெரிதாக ஒன்றும் கிடையாது. அந்த நோட்டின் முன்னால் எனக்குப் பக்தி வந்தது.

பேச்சும் மெல்ல வந்தது. ஜூலையில் என் பேச்சை எழுதி மிலேனாவிடம் காட்டினேன். ஐந்து நிமிஷப் பேச்சில் மரபுத்தொடர்கள் மட்டும் நாற்பத்தொன்று வைத்திருந்தேன்.

"சார், இது பேச்சா, ஊறுகாய் ஜாடியா? ஒரு சாப்பாட்டுக்கு எத்தனை ஊறுகாய் தொட்டுக்க முடியும்?"

"ஒவ்வொண்ணும் சரியா இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லுங்க."

"சரியாத்தான் இருக்கு. ஒரு தப்பு இல்ல." தாளைத் திருப்பிப் பார்த்தாள். "ஆனா இதுல உங்க பொண்ணு எங்க இருக்கா?"

எனக்குக் கோபம் வந்தது. பேர் மூன்று இடத்தில் வருகிறதே, கண் தெரியவில்லையா என்று கேட்டேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஆகஸ்ட் மாதத்தில் தோரூன் வெயில் நன்றாகவே காய்ந்தது. விஸ்துலா நதிக் கரையில் மண்டபம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் ரொட்டியும் உப்பும் கொடுத்து வாசலில் வரவேற்றோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் ஆட்கள் வலது பக்கமும் இங்கிலீஷ்காரர்கள் இடது பக்கமுமாகத் தானாகவே பிரிந்து உட்கார்ந்துவிட்டார்கள். சூப் வருவதற்குள்ளேயே லெஷெக் கண்ணாடிக் குவளையைத் தூக்கி "கசக்குது! கசக்குது!" என்று ஆரம்பித்தான். நூறு பேர் கத்தினார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் முத்தமிட்டால்தான் வோட்கா இனிக்கும், அதுவரை விடமாட்டோம். இடது பக்கம் முதலில் மிரண்டு பார்த்தது, மூன்றாவது தடவை எங்களைவிட உரக்கக் கத்தியது.

நான் எழுந்தேன். தாள் கையில் இல்லை, மனப்பாடம். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை, ஒரு தொடர்கூடத் தப்பவில்லை. இரண்டாவது நிமிஷத்திலேயே இடது பக்கம் சிரிக்க ஆரம்பித்தது. முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், ஏற்ற இறக்கம் இல்லாமல், இந்தக் கிழவன் பழமொழி மேல் பழமொழியாக அடுக்குகிறான், என்ன கிண்டல்காரன் என்று நினைத்துவிட்டார்கள். மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். காரெத் கண்ணைத் துடைத்துக்கொண்டான். கலினா சிரிக்கவில்லை. ரொட்டித் துண்டைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். நான் முடித்து உட்காரும் வரை நிமிரவே இல்லை.

லெஷெக் ஓடிவந்து கட்டிக்கொண்டான். "அசத்திட்டீங்க அத்தான்! இங்கிலீஷ்காரன் வயித்தப் புடிச்சுக்கிட்டு உருள்றான்!"

"நான் சிரிக்கறதுக்குச் சொல்லலடா."

"அப்புறம் எதுக்குச் சொன்னீங்க?"

ஆறு மாத உழைப்பும் மண்ணாய்ப் போயிற்று.

அடுத்து காரெத்தின் அம்மா மோரீன் எழுந்தார். லீட்ஸில் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் தாள் கீள் எதுவும் இல்லை. இரண்டு வரி பேசியதும் இடது பக்கம் நெகிழ்ந்து போய்க் கேட்டது. வலது பக்கம் முழித்துக்கொண்டிருந்தது.

"என்னதான் சொல்றாங்க அந்தம்மா?" என்று லெஷெக் கத்தினான். "யாராவது சொல்லுங்களேன்ப்பா!"

பின் மேஜையிலிருந்து யாரோ ஒரு பெண், "ஏன், நம்ம லெக்டர் சாரு சும்மாதான உக்காந்திருக்காரு?" என்றாள். சிரிப்பு எழுந்தது. பிறகு கைதட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மோரீன் என்னவென்று புரியாமல் என்னைப் பார்த்துத் தலையசைத்தார்.

தாள் இல்லாமல் நான் வாழ்க்கையில் படித்ததே இல்லை. எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஆரம்பித்தார். அரை மூச்சு விட்டேன். வாய் தானாகத் திறந்தது.

"இந்தப் பொண்ண காரெத் முதல் தடவ வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தப்போ, மூணு மணி நேரம் உக்காந்திருந்தா. ஒரு வார்த்த பேசல. நான் நெனச்சேன், இவளுக்கு நம்மளப் புடிக்கலன்னு."

என் குரல்தான். டிவியில் வருகிற அதே குரல். மண்டபம் அப்படியே அடங்கிவிட்டது. எங்கள் பக்கத்துக் குழந்தைகள் நாற்காலியில் கால் ஆட்டுவதை நிறுத்தினார்கள்.

அப்போது மோரீன், அமைதியான தண்ணீர் ஆழமாக ஓடும் என்று ஒரு பழமொழியைச் சொன்னார். எங்களிடமும் அமைதியான தண்ணீர் உண்டு. ஆனால் அது கரையை உடைக்கும். இரண்டில் எது? யோசிக்க நேரம் எங்கே? கரையை உடைத்தேன். மோரீன் சொன்னதற்கு இடது பக்கம் புன்னகைத்து முடிப்பதற்குள், கலினாவின் கோபத்தைச் சின்ன வயதிலிருந்தே பார்த்த வலது பக்கம் குபீரென்று சிரித்தது. என் ரோமம் எல்லாம் நின்றுவிட்டது. அவர் மனதில் இருந்தது, என் வழியாக, அவர் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாத நூறு பேர் மனதுக்குப் போகிறது. எழுதிக் கொடுத்தவர் யாரும் இல்லை. வார்த்தை எங்கிருந்து வருகிறது என்று எனக்கே தெரியவில்லை. வந்துகொண்டே இருந்தது. இருபத்தாறு வருஷம் செய்த தொழில் என்னவென்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

மோரீன் என் கன்னத்தைத் தட்டிவிட்டு உட்கார்ந்தார். நானும் நகரப் போனேன். கலினா எழுந்துவிட்டாள்.

"இருப்பா" என்றாள். பிறகு கூட்டத்தைப் பார்த்து, "நான் இங்கிலீஷ்ல பேசப் போறேன். போலிஷ்ல இத என்னால சொல்ல முடியாது. எங்கப்பா படிப்பார்" என்றாள்.

அவள் ஆரம்பித்தாள். அரை மூச்சு கழித்து நானும் ஆரம்பித்தேன்.

"எங்கம்மா செத்தப்போ எனக்குப் பதினஞ்சு வயசு. எங்கப்பா அழல. மறுநாள் வேலைக்குப் போனார். அன்னிக்கு டிவியப் போட்டேன், அதுல அவர் ஒரு கொலைகாரனுக்கும் ஒரு பாதிரியாருக்கும் குரல் கொடுத்துக்கிட்டிருந்தார். எனக்குக் கொடுக்க மட்டும் அவர்கிட்ட குரல் இல்ல."

ஒரே சீராகச் சொன்னேன். அவளைப் பார்க்கவில்லை, பார்த்தால் நின்றுவிடும் என்று தெரியும். எதிர்ச் சுவரில் ஒரு ஆணி இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

"அவர வெறுத்துக்கிட்டேதான் இங்கிலாந்துக்குப் போனேன். ஹோட்டல்ல ரூம் சுத்தம் பண்ற வேலை. யார் பேசறதும் புரியல. முதல் குளிர்காலத்துல ஒரு நாள் ரொம்ப முடியாமப் போயி, போன்ல பழைய படம் ஒண்ணத் தேடிப் போட்டேன். படத்துக்காக இல்ல. எங்கப்பா குரலுக்காக. அதுக்கப்புறம் தினமும் போட்டேன். மேல அவர் குரல், அடியில இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் வந்தது அப்படித்தான். எனக்குத் தெரிஞ்ச ஒவ்வொரு வார்த்தையும் எங்கப்பா குரலுக்கு அடியிலேர்ந்து எடுத்தது."

ஆணி கலங்கித் தெரிந்தது. இருந்தும் வாய் போய்க்கொண்டிருந்தது, பழக்கம் அப்படி.

"இன்னிக்கு அவர் பேசினப்போ எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சிருக்கணும். எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் வேணும். எங்கப்பா அவரோட வார்த்தைய ஒரு தடவ..."

அதோடு என் குரல் நின்றுவிட்டது. வாக்கியம் பாதியில் தொங்கியது. கலினா முடித்துவிட்டுக் காத்திருந்தாள். நான் முடிக்கவில்லை. இந்த நாட்டில் அந்தக் குரல் நடுவில் நின்று யாரும் கேட்டதில்லை.

அவளைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் என்னைத்தான் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயிலிருந்து போலிஷ் வந்தது, நடுங்கிக்கொண்டு, அசிங்கமாக, பாதி அழுகையோடு.

"அன்னிக்கு ஸ்டூடியோவுக்கு ஏன் போனேன் தெரியுமா? அங்க அடுத்தவங்க சொல்றதச் சொன்னாப் போதும். வீட்ல இருந்தா நானே ஏதாவது சொல்லணும். நீ கேட்ட. எனக்குச் சொல்லத் தெரியல, கலினா. உங்கம்மா போனதும் எனக்கு..."

இடது பக்கத்தில் நாற்பது பேர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கலினா முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர்கள் பக்கம் திரும்பினாள். அரை மூச்சு விட்டு, நான் சொன்னதை இங்கிலீஷில் சொல்லத் தொடங்கினாள். நான் அடுத்ததைச் சொன்னேன்.

"எனக்கு ரொம்ப பயமா இருந்துச்சு."

என் அப்பா பயந்தார் என்று அவள் சொல்லவில்லை. "நான் ரொம்ப பயந்தேன்" என்றாள்.